நோட்டமும் மதிப்பும்: பினாங்கில் புழங்கிய நாணயங்களில் அக்கசாலைப் பிழைகளை அறிதல்

முன்னுரை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் தமிழர்கள் கடைத்தெரு என வழங்கும் லெபோ பாசாரும், அதனை ஒட்டிய ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்கும் நாணய மாற்றுத்தொழிலோடு நெடுங்காலத் தொடர்புடையவை. இத்தொழிலில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சிறந்து விளங்கி வருகின்றனர். பல நாட்டு நாணயங்கள் வந்து கலந்த துறைமுகமாதலால், இவ்வூரின் பழைய குடும்பங்களில் காசுப் பெட்டி ஒன்றேனும் இருப்பது வியப்பன்று. பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டில் காட்டை அழிப்பதற்காகப் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை இட்டுச் சுட்டான் என்னும் செவிவழிக் கதையை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கதையின் உண்மை எவ்வாறாயினும், இத்தீவின் வரலாறு காசோடு தொடங்குவதாக மக்கள் நினைவு கொண்டுள்ளது என்பது கருதத்தக்கது.

அண்மைக் காலமாக இக்காசுப் பெட்டிகள் மீண்டும் திறக்கப்படுகின்றன. 'பிழை நாணயம்' பெருந்தொகைக்கு விலைபோகும் என்னும் செய்தி பரவியதே அதற்குக் காரணம். உருவம் நகர்ந்த காசு, எழுத்து மங்கிய காசு, நிறம் மாறிய காசு என எதனைக் கண்டாலும் அதனைப் பிழை நாணயம் எனக் கொள்ளும் போக்கு வளர்ந்துள்ளது. இதனால் இருவகை இழப்பு நேர்கிறது. சிதைந்த காசைப் பணம் கொடுத்து வாங்கி ஏமாறுவோர் ஒருபுறம்; உண்மையான சான்றினைத் தேய்த்து மெருகிட்டுக் கெடுப்போர் மறுபுறம். பின்னதே வரலாற்று ஆய்வுக்குப் பேரிழப்பு என்பது நம் கருத்து.

அக்கசாலையினுள் நேர்ந்த தவறு எது, அதற்கு வெளியே நேர்ந்த சிதைவு எது என்பதைப் பிரித்தறியும் முறையையும், அதன்மேல் மதிப்பு எவ்வாறு அமைகிறது என்பதையும் பினாங்கில் புழங்கிய நாணயங்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். தமிழகச் சான்றுகளும் பிறநாட்டுச் சான்றுகளும் வேண்டுமிடத்து எடுத்தாளப்படும்.

சொல்வழக்கு

இத்துறைக்குரிய கலைச்சொற்களைப் புதிதாகப் படைக்க வேண்டிய தேவை நமக்கு மிகுதியாக இல்லை. நாணயம் செய்யும் இடத்தை அக்கசாலை என்று பண்டு வழங்கினர். கொற்கைக்கு அருகிலுள்ள அக்காசாலை என்னும் ஊர்ப்பெயர் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. சென்னையிலுள்ள தங்கசாலைத் தெருவின் பெயரும் அங்கிருந்த அக்கசாலையால் வந்ததேயாகும். காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சினைக் கம்பட்டமுளை எனத் தமிழ் அகராதி குறிக்கிறது. பொன்னையும் காசையும் சோதித்துத் தரம் கூறுபவன் வண்ணக்கன். வடமவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் முதலிய சங்கப் புலவர் பெயர்களில் அத்தொழிற்பெயர் நின்று நிலவுகிறது. பிற்காலத்தில் அதே பணியை நோட்டம் என்றும், அதனைச் செய்பவரை நோட்டக்காரர் என்றும் வழங்கினர். சோழர் காலக் கல்வெட்டுகளில் பயிலும் 'அன்றாடு நற்காசு' என்னும் தொடர், அந்நாளில் குறைவின்றிச் செல்லுபடியாகும் காசு எனப் பொருள்படும். நற்காசு எனப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தமையால், அல்லாத காசும் கைமாறிற்று என்பது பெறப்படும்.

இங்குக் கம்பட்டமுளையை அச்சு என்றே எளிமையாகக் குறிப்போம். அச்சுக்குள் இடப்படும், இன்னும் உருவம் பதியாத வட்ட உலோகத்துண்டினை வில்லை என்போம். நாணயத்தின் இரு முகங்களையும் சூழ்ந்து சற்றே மேடாக இருப்பதனை வரப்பு என்றும், நாணயத்தை நிறுத்திவைத்தால் தரையைத் தொடும் புறப்பகுதியைப் பக்கவிளிம்பு என்றும் குறிப்போம்.

ஒழுங்கு எது என்று அறிதல்

பிழை என்று ஒன்றைச் சொல்லுமுன் அதற்குரிய ஒழுங்கு யாது என்று அறிந்திருக்க வேண்டும். அவ்வொழுங்கு காலந்தோறும் செய்முறைதோறும் வேறுபடுவது. இதனை உணராமையே பெரும்பாலான தவறான முடிவுகளுக்குக் காரணமாகிறது.

முதலாம் இராசராசனின் செப்புக் காசில் ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அவன் பெயரும் காணப்படும். 'சேது' எனத் தமிழில் பொறித்த யாழ்ப்பாண மன்னர் காசுகளும் இதே மரபைச் சார்ந்தவை. இவை சம்மட்டியால் அடித்துச் செய்யப்பட்டவை. கீழச்சின்மேல் வில்லையை வைத்து, அதன்மேல் மேலச்சினைக் கையால் பிடித்து ஓங்கி அடித்தபோது உருவம் நடுவில் விழுவதும் ஓரத்தில் விழுவதும் அடிப்பவன் கைத்திறத்தைப் பொறுத்தன. அச்சு வில்லையினும் பெரிதாக இருந்தமையால் எழுத்தில் ஒருபகுதி பதியாமல் போவது இயல்பு. ஆகவே எழுத்து முழுமையாக இல்லாத இராசராசன் காசினைப் 'பிழை நாணயம்' என விற்க முற்படுவது பொருந்தாது. மாறாக, உருவமும் எழுத்தும் முழுமையாக நடுவில் விழுந்த காசே அரிது. அதற்கே கூடுதல் விலை.

வார்ப்புக் காசுகளின் ஒழுங்கு வேறு. கிளந்தானில் வழங்கிய பித்திஸ் என்னும் ஈயக்காசுகள் மரம்போல் கிளைத்த அச்சுக்குழிகளில் உருக்கிய ஈயத்தை ஊற்றிச் செய்யப்பட்டவை. பிறகு கிளையிலிருந்து காய் பறிப்பதுபோல் ஒவ்வொன்றாக ஒடித்தெடுத்தனர். உடையாத முழு 'மரங்கள்' இன்றும் அரும்பொருளாகப் பேணப்படுகின்றன. பறித்த காசின் ஓரத்தில் எஞ்சும் சிறு முனை வார்ப்பின் அடையாளமேயன்றிப் பிழையன்று.

கைவேலையும் இயந்திரவேலையும் ஒரே காசு வகையிலேயே அமைவதும் உண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு இதற்கு நல்ல சான்று. ஒருபுறம் பிரகதாம்பாளும் மறுபுறம் தெலுங்கில் 'விஜய' என்னும் சொல்லும் கொண்ட அக்காசு முன்னர்க் கையால் அடிக்கப்பட்டது. பின்னர் இயந்திரத்தில் அடிக்கப்பட்டது. முன்னதில் உருவம் நகர்ந்திருந்தால் அது வழக்கம். பின்னதில் நகர்ந்திருந்தால் அது கவனத்துக்குரிய பிழை. காணும் குறி ஒன்றேயாயினும் பொருள் இரண்டாகிறது.

பினாங்குக்கெனக் கிழக்கிந்தியக் கும்பெனியார் வெளியிட்ட நாணயங்களுள் 1810, 1825, 1828 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய செப்புக் காசுகள் பலரும் அறிந்தவை. ஒருபுறம் கும்பெனியின் சின்னமும் மறுபுறம் மாலைவளையத்துள் ஜாவி எழுத்தில் தீவின் பெயரும் இவற்றில் காணப்படும். ஈரமிக்க இவ்வூர்க் காற்றில் செம்பு எளிதில் அரிக்கப்படுமாதலால், எழுத்து மறைந்தும் புள்ளிகள் குழிந்தும் காணப்படும் காசுகளே மிகுதி. அவ்வாறு மறைந்த எழுத்தை 'விடுபட்ட எழுத்து' எனக் கொள்ளுதல் கூடாது. அச்சில் எழுத்து அடைபட்டு விடுபட்டிருந்தால் அவ்விடம் சுற்றுப்பரப்பைப் போலவே மழமழப்பாக இருக்கும். அரிப்பினால் மறைந்திருந்தால் அவ்விடம் சொரசொரப்பாகவும் தாழ்ந்தும் இருக்கும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு கண்ணாடியே இதனை முடிவு செய்யப் போதுமானது.

இயந்திர அக்கசாலையில் பிழை தோன்றும் இடங்கள்

இயந்திரத்தால் செய்யப்பட்ட நாணயத்தில் பிழையை அறிய, அது உருவாகும் வழியை மனத்தில் இருத்த வேண்டும். முதலில் உலோகம் உருளைகளால் நீண்ட பட்டையாக்கப்படுகிறது. பட்டையிலிருந்து துளைப்பொறி வில்லைகளை வெட்டி எடுக்கிறது. வெட்டிய வில்லையைச் சுழலவிட்டு ஓரத்தை நெருக்கி வரப்பு எழுப்பப்படுகிறது. சூடேற்றி மென்மையாக்கிக் கழுவிய பிறகு, வளையம் ஒன்றனுள் வைத்து மேலச்சும் கீழச்சும் ஒருசேர அழுத்த, நாணயம் பிறக்கிறது. வளையம் உலோகத்தை வெளியே பரவாமல் தடுத்துப் பக்கவிளிம்பையும் உருவாக்குகிறது. இவ்வழியில் எந்தக் கட்டத்தில் என்ன தவறினால் இந்த உருவம் வரும் என்று காட்ட இயலுமாயின் அது அக்கசாலைப் பிழை. எக்கட்டத்திலும் வைத்து விளக்க இயலாத உருவம் வெளியில் நேர்ந்ததே. நோட்டத்தின் சாரம் இவ்வளவே.

வில்லை வெட்டும் கட்டத்தைக் காண்போம். பட்டை சரியாக நகராவிடின், முன்னரே வெட்டிய துளையின்மேல் பொறி மீண்டும் விழும். அப்போது வில்லையின் ஒருபுறம் பிறைவடிவில் குறையும். இத்தகைய பிறைவெட்டு நாணயங்கள் உலகெங்கும் உண்டு. அரத்தால் அராவிப் போலியாகச் செய்யவும் எளிது. உண்மையைக் காட்டிக் கொடுப்பது வெட்டுக்கு நேர் எதிரே உள்ள வரப்பு. வரப்பு எழுப்பும் பொறி வில்லையை இருபுறமும் நெருக்குவது. ஒருபுறம் உலோகம் இல்லாதபோது எதிர்ப்புறமும் அழுத்தம் பெறாது. ஆகவே உண்மையான பிறைவெட்டு நாணயத்தில் வெட்டுக்கு எதிரே வரப்பு மெலிந்தோ மறைந்தோ காணப்படும். நாணயவியலார் இதனைப் பிளேக்ஸ்லி விளைவு என்பர். எதிர்ப்புற வரப்பு திண்ணமாக நிற்குமாயின் அது அரம் செய்த வேலை என்று ஐயுறலாம். இக்குறி எல்லாக் காசிலும் ஒரே அளவில் தெளிவாக இராது. எனினும் முதலில் நோக்க வேண்டியது இதுவே.

ஒரு நாணயத்துக்குரிய அச்சு, வேறு நாணயத்துக்குரிய வில்லையில் விழுவது அரிய பிழை. இங்கு எடைக்கோலே சான்று கூறும். 1989ஆம் ஆண்டு வரிசையில், நாம் பேச்சில் காசு என வழங்கும் சென் நாணயங்களுள் 5 சென் 1.41 கிராம், 10 சென் 2.82 கிராம், 20 சென் 5.66 கிராம் எடையுடையவை. 20 சென் உருவம் கொண்ட காசு ஒன்று 2.82 கிராம் நின்று, உருவத்தின் ஓரங்களும் வில்லைக்கு வெளியே போயிருக்குமாயின், 10 சென் வில்லையில் அடிபட்டதென்று கொள்ள இடமுண்டு. அமிலத்தில் ஊறவைத்து எடையைக் குறைத்த காசில் உருவம் முழுமையாகவே இருக்கும். ஆனால் எல்லாக் கோடுகளும் கரைந்து மெலிந்திருக்கும்.

எடை மட்டுமே போதும் என்று எண்ணுதலும் தவறு. 2012ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் வரிசையின் 50 சென், முந்திய வரிசையின் 20 சென்னைப் போலவே 5.66 கிராம் எடையுடையது, விட்டமோ 22.65 மில்லிமீட்டர் மட்டுமே. அவ்வரிசையின் 5 சென் 17.78 மில்லிமீட்டர் விட்டமும் 1.72 கிராம் எடையும் கொண்டது. பழைய 1 சென்னுக்கும் அதே விட்டம், எடை 1.74 கிராம். ஆகவே செம்பு நிறத்தில் ஒரு புதிய 5 சென் கிடைக்குமாயின் எடையும் விட்டமும் நமக்கு எதனையும் சொல்லமாட்டா. வேதியியல் பூச்சால் நிறம் ஏற்றுவது எளிதாதலால், உலோகத்தைச் சோதிக்கும் கருவியின் துணையின்றி அதனைப் பிழை நாணயம் எனத் துணிதல் தகாது.

அழுத்தும் கட்டத்துப் பிழைகள் கண்ணுக்கு நன்கு புலப்படுவன. வில்லை வளையத்துள் சரியாக அமராவிடின் உருவம் ஒருபுறம் நகர்ந்து, மறுபுறம் பிறைவடிவில் வெறுமையாக நிற்கும். வளையம் எழாமல் கீழே நின்றுவிடின் உலோகம் பரந்து, காசு அகன்று மெலியும். முன்னர் அடித்த நாணயம் வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையின் ஒருபுறம் உரிய உருவமும், மறுபுறம் அதே உருவம் குழிந்தும் இடவலமாகத் திரும்பியும் பதியும். இக்குழிவுப் பதிவைப் போலியாக்கும் வழியும் உண்டு. இரு காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பட்டறை இடுக்கியில் நெருக்கினால் ஒன்றன் உருவம் மற்றதில் குழியும். ஆயின் அவ்வாறு செய்த காசில் பழைய உருவம் நசுங்கி அடியில் எஞ்சியிருக்கும். உண்மைப் பிழையில் குழிந்த உருவத்தின்கீழ் வேறு உருவம் இராது. ஏனெனில் அங்கு முன்பு இருந்தது வெறும் வில்லைதான்.

எழுத்து இரட்டித்துக் காணும் காசுகளே மிகுதியான மயக்கத்துக்கு இடமளிப்பவை. அச்சினை உருவாக்கும்போது மூல உருவத்தை அதில் இருமுறை பதிப்பர். இரண்டாம் முறை சற்றே திரும்பிவிட்டால் அச்சிலேயே எழுத்து இரட்டையாகிவிடும். அதன்பின் அவ்வச்சில் அடிக்கும் காசு ஒவ்வொன்றும் அவ்விரட்டையைத் தாங்கி வரும். அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சென்ட் இதற்குப் பெயர்பெற்றது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை புழக்கத்துக்குச் சென்றுவிட்டதாகக் கணிக்கப்படுகிறது. இதற்கு மாறாக, அச்சு தளர்ந்து அடிக்கும் கணத்தில் சற்றே நழுவினால் எழுத்தின் ஓரம் படிக்கட்டுப்போல் தட்டையாக நசுங்கும். முன்னதில் இரு எழுத்தும் உருண்டு திரண்டு எழும்பி நிற்கும். பின்னதில் எழுத்து மெலிந்து அருகே தட்டையான ஒரு நிழல் விழுந்ததுபோல் தோன்றும். பின்னதற்குச் சேகரிப்பாளர் கூடுதல் விலை தருவதில்லை. 'இரட்டை எழுத்து' எனக் காட்டப்படும் காசுகளுள் பெரும்பாலானவை இப்பின்வகையினவே.

நம் வட்டார நாணயங்களில் பிழையும் வேறுபாடும்

மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய ஆணையத்தின் 50 சென்ட் நாணயம் நம் வட்டாரத்துப் பிழைகளுள் நன்கு அறியப்பட்டது. போலியைத் தடுப்பதற்காக அதன் பக்கவிளிம்பில் வரிகளுக்கு நடுவே சுற்றிலும் பள்ளம் ஒன்று அமைத்து அப்பள்ளத்துள் அடையாளம் இட்டனர். சில ஆண்டுகளின் நாணயங்களுள் ஒருசில இப்பாதுகாப்பு விளிம்பைப் பெறாமலே வெளிவந்தன. 1967ஆம் ஆண்டில் தொடங்கிய மலேசிய முதல் வரிசையின் 50 சென்னிலும் இதே பிழை காணப்பட்டு, உலக நாணயப் பட்டியல்களில் தனி எண்ணோடு இடம்பெற்றுள்ளது. முகத்தை மட்டும் நோக்கும் பழக்கமுடையோர் கையில் இக்காசு பலமுறை வந்து சென்றிருக்கக் கூடும். பக்கவிளிம்பை நோக்குதல் நோட்டத்தின் முதற்படி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. அராவிப் பள்ளத்தை நீக்கியிருப்பின் விட்டமும் எடையும் குறையும். ஏறத்தாழ 27.75 மில்லிமீட்டரும் 9.33 கிராமும் நிற்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

பிழைபோலத் தோன்றினும் பிழையல்லாத வேறுபாடுகள் இங்குப் பல உள. 1903ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வெள்ளி டாலர் பம்பாய் அக்கசாலையில் செய்யப்பட்டது. அதன் அடையாளமான 'பி' எழுத்து சிலவற்றில் குழிந்தும் சிலவற்றில் மேடாகவும் காணப்படும். இவை அச்சு வேறுபாடுகள். மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ காசுகள் சிலவற்றில் 'எச்' அல்லது 'கே.என்.' எழுத்து இருப்பதும் சிலவற்றில் இல்லாதிருப்பதும் பர்மிங்காமின் ஹீட்டன், கிங்ஸ் நார்ட்டன் அக்கசாலைகளில் அவை செய்யப்பட்டதா இல்லையா என்பதைக் காட்டுவனவேயன்றி எழுத்து விடுபட்ட பிழைகள் அல்ல. மலேசிய ஒரு ரிங்கிட் நாணயத்தில் முதலில் டாலர் குறி இருந்து, 1993ஆம் ஆண்டில் ரிங்கிட் என்னும் சொல் அவ்விடத்தைப் பெற்றது. இது வடிவமைப்பு மாற்றம். 1971ஆம் ஆண்டு 20 சென் அரிதாகக் கிடைப்பதால் விலை மிக்கது. ஆனால் அதில் பிழை ஏதுமில்லை. சதுர வடிவான பழைய ஒரு சென்ட் காசைப் பிழை எனக் கொண்டு வினவும் இளையோரும் உளர். பாட்டன் பாட்டியர் அதனைக் கேட்டால் நகைப்பர்.

பிழை, வேறுபாடு, அருமை ஆகிய மூன்றும் தனித்தனிக் கருத்துகள். இவற்றை ஒன்றாகக் குழப்புவது விலையையும் குழப்பும். இவ்வட்டாரக் காசுகளுக்குச் சரண் சிங்கின் கலைக்களஞ்சியமும், கும்பெனிக் காலக் காசுகளுக்குப் பிரெட் பிரிட்மோரின் நூலும் இவ்வேறுபாடுகளை அறிய உதவும் அடிப்படை நூல்களாகும்.

அக்கசாலைக்கு வெளியே நேர்ந்தவை

அக்கசாலையை விட்டு வெளியேறிய பின் காசுக்கு நேர்ந்த எதுவும் பிழையாகாது. ஆயினும் அவை அனைத்தும் பயனற்ற சிதைவுகளும் அல்ல. இவ்விடத்தில் சேகரிப்பாளர் நோக்கும் வரலாற்று மாணவர் நோக்கும் சற்றே பிரிகின்றன.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட 501 உரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமீது வேண்டுமென்றே வெட்டுக்கோடு இடப்பட்டுள்ளது. இவ்வெட்டு உரோமில் நேர்ந்த பிழையன்று. இங்குள்ளோர் செய்த செயல். காசாக அல்லாமல் பொன்னாகவே கொள்ளும்பொருட்டு அதன் செல்லுபடியை நீக்கினர் என்று அறிஞர் பலர் விளக்குவர். அவ்வெட்டு இல்லாவிடின் தமிழகத்தார் அயல்நாட்டுக் காசை எவ்வாறு நோக்கினர் என்னும் வினாவே எழுந்திராது. பினாங்குத் துறைமுகத்தில் புழங்கிய ஸ்பானிய டாலரிலும் பிரிட்டிஷ் வணிக டாலரிலும் சீன வணிகர் இட்ட சிறு முத்திரைக் குறிகளும் இத்தகையவே. வெள்ளியைச் சோதித்து ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக அவர்கள் அடித்த குறிகள் அவை. அவற்றையே தேடிச் சேர்ப்போரும் உண்டு.

நம் இல்லங்களுக்கு நெருக்கமான சான்று காசுமாலை. பொற்காசுகளையும் வெள்ளிக் காசுகளையும் கொக்கி வைத்துப் பற்றவைத்துக் கோப்பது நம்மவர் வழக்கம். குழந்தையின் அரைஞாணில் துளையிட்ட காசைக் கட்டுவதும் உண்டு. அவ்வாறு அணிந்த காசைப் பின்னர்ப் பிரித்தெடுக்கும்போது பற்றின் தழும்பு விளிம்பில் மேடாக எஞ்சும். துளையை அடைத்திருந்தால் நிறம் சற்றே மாறிய வட்டம் தெரியும். இவை சில வேளைகளில் 'உலோகம் வழிந்த பிழை' என்று விற்கப்படுகின்றன. பற்றவைத்த உலோகம் காசின் உருவத்துக்கு மேலே படிந்திருக்கும். அக்கசாலையில் அச்சு உடைந்ததால் எழும் மேடோ வரப்போடு ஒன்றாகப் பிறந்திருக்கும். கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் வேறென்பது விளங்கும்.

இருபுறமும் ஒரே தலை அமைந்த காசு கிடைத்தால் மகிழுமுன் வரப்பின் உட்புறத்தை உற்று நோக்க வேண்டும். மாயவித்தை காட்டுவோர்க்காக இரு காசுகளைக் கடைந்து பொருத்திச் செய்த காசில் அவ்விடத்தில் மெல்லிய பொருத்துக்கோடு தெரியும். மேசையில் தட்டினால் ஒலியும் மந்தமாக இருக்கும். ஒரு ரிங்கிட் நாணயம் 2005ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் முதல் செல்லாதென அறிவிக்கப்பட்டமைக்குப் போலிகளின் பெருக்கம் ஒரு காரணமாயிற்று. ஆகவே எழுத்து மழுங்கியும் எடை மாறியும் காணும் அந்நாணயத்தைப் போலி என்று முதலில் ஐயுறுவதே முறை.

மதிப்பு அமையும் வகை

பிழை உண்மையெனத் தெளிந்த பின்னரே விலைபற்றிப் பேச இடமுண்டு. விலையை அமைப்பன நான்கு எனலாம்: பிழையின் வகை, அவ்வகையில் எத்தனை காசுகள் அறியப்பட்டுள்ளன என்பது, காசின் நிலை, அதனை விரும்புவோர் தொகை. இவற்றுள் இறுதியானதே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. உலகில் ஒன்றே ஒன்றாயினும், கேட்பாரற்ற காசுக்கு விலையில்லை. சிறிய அச்சுப்பிளவு, சற்றே நகர்ந்த உருவம் ஆகியன எண்ணற்றவை. அவை பொருட்படுத்தத்தக்க விலை பெறுவதில்லை. பாதியளவு நகர்ந்தும் ஆண்டு தெளிவாகத் தெரியும் காசு, ஆண்டு தெரியாத காசினும் மிகுதியாக விரும்பப்படும்.

அருமையின் ஆற்றலுக்கு அமெரிக்காவின் 1943ஆம் ஆண்டு ஒரு சென்ட் காசினைக் காட்டலாம். போர்க்காலத்தில் செம்பைச் சேமிக்க அவ்வாண்டில் நாகம் பூசிய எஃகில் காசு செய்தனர். முந்திய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில பொறியில் தங்கியிருந்து அச்சேறின. மிகச் சிலவே அறியப்பட்டிருப்பதால் அவை பெருவிலை பெற்றன. உடனே எஃகுக் காசுக்குச் செம்புப் பூச்சு ஏற்றி விற்போரும் தோன்றினர். காந்தம் அவற்றைக் காட்டிக் கொடுத்தது. மலேசிய ஒரு சென்னிலும் வெண்கலக் காசுகளும், 1973 முதல் வந்த செம்பு போர்த்த எஃகுக் காசுகளும் உள்ளன. இவற்றையும் காந்தம் பிரித்துவிடும். இங்கு இரண்டும் முறையான வெளியீடுகள் என்பதே வேறுபாடு.

விளம்பர விலைக்கும் மெய்விலைக்கும் உள்ள இடைவெளியை விளக்கப் பிரிட்டனின் 20 பென்ஸ் போதுமானது. 2008ஆம் ஆண்டில் புதிய வடிவம் வந்தபோது ஆண்டெண் பின்புறத்திலிருந்து முகப்புக்கு மாற்றப்பட்டது. பழைய முகப்பு அச்சும் புதிய பின்புற அச்சும் தவறாக இணைந்துவிட்டதால் ஆண்டே இல்லாத காசு பிறந்தது. ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு இலட்சம் வரை வெளிச்சென்றிருக்கலாம் என அரச அக்கசாலை தெரிவித்தது. தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டுகள் கேட்கப்பட்டன. பின்னர் நூறு பவுண்டு அளவிலும் அதற்குக் கீழும் விலை நிலைபெற்றது. கேட்ட விலை ஒருவர் விருப்பம். கொடுத்த விலையே சான்று. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுற்ற ஏல விலைகளையே அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.

காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணிட்டு மதிப்பிடும் முறை அமெரிக்கரான வில்லியம் செல்டன் 1949ஆம் ஆண்டில் அமைத்த அளவையிலிருந்து வளர்ந்தது. தரச்சான்று நிறுவனங்கள் காசைச் சோதித்து முத்திரையிட்ட உறையில் வைத்துத் தருகின்றன. அதற்கான கட்டணம் காசின் விலையையே விஞ்சிவிடக் கூடும் என்பதால், எல்லாக் காசையும் அனுப்புவது அறிவுடைமையன்று.

நிலையைக் கெடுப்பதில் நம் வீட்டுப் பழக்கமே முன்னிற்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் இட்டுக் காசைத் துலக்குவோர் பலர். பளபளப்பு வரும், ஆனால் காலம் படிவித்த மேற்பரப்பும் அச்சு விட்டுச்சென்ற நுண்கோடுகளும் போய்விடும். அந்நுண்கோடுகளே பிழை அக்கசாலையில் நேர்ந்தது என்பதற்குரிய சான்றுகள். துலக்கிய காசை நோட்டக்காரர் தொலைவிலிருந்தே அறிந்துகொள்வார். மண் ஒட்டியிருப்பின் தூயநீரில் சற்று ஊறவைத்துத் தேய்க்காமல் உலரவிடுவதற்கு மேல் எதுவும் செய்தல் வேண்டா. விரல் முகத்தில் படாமல் பக்கவிளிம்பைப் பிடித்துக் கையாளுதல் நலம்.

பள்ளியில் நாணயங்களைக் கொண்டு வரலாறு கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கு ஒரு சொல். ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு எடைக்கோல், விட்டம் அளக்கும் கருவி, உருப்பெருக்கி, காந்தம் ஆகிய நான்கும் இருந்தால் இங்குக் கூறிய சோதனைகளுள் பெரும்பாலானவற்றை வகுப்பறையிலேயே செய்யலாம். ஐயத்துக்குரிய காசின் இரு முகத்தையும் பக்கவிளிம்பையும் படம் எடுத்து, அதே ஆண்டின் வழக்கமான காசு ஒன்றையும் அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். அதன் எடை, விட்டம் ஆகியவற்றோடு, யாரிடமிருந்து எவ்வாறு குடும்பத்துக்கு வந்தது என்பதையும் மாணவரை எழுதச் செய்தல் வேண்டும். காசுமாலையில் கோத்திருந்ததாயின் அதனையும், துறைமுகத்தில் கூலியாகப் பெற்றதாயின் அதனையும், கப்பலேறி வந்த பாட்டனார் மடியில் முடிந்து கொணர்ந்ததாயின் அதனையும் விடாமல் குறிக்கச் சொல்லலாம்.